சோதிக்காத தண்ணீர்

நன்னீர் மாண்பு வாரியம் என்று ஒன்று இருப்பதே பாறைக்கொல்லை இருளர் குடியிருப்புக்கு, வாரியத்தின் ஜீப் வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் தெரிந்தது. அதற்கு முன்பும் அங்கே தண்ணீர் நாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அப்போது சும்மா நாறியது. கண்காணிப்பின் கீழ் நாறவில்லை.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கைவிட்ட கல்குவாரிப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில்தான் பாறைக்கொல்லை. பள்ளத்துக்குப் பக்கத்திலேயே போர் போட்டு, மினி டேங்க் ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். பள்ளம் சும்மா கிடக்கிறதே என்று செப்டிக் டேங்க் லாரிக்காரர்கள் விடிவதற்குள் வந்து, லாரியின் வயிற்றைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். பள்ளத்தில் விட்டது போரில் வந்தது. இதைக் கண்டுபிடிக்க வாரியம் எதுவும் தேவையில்லை, மூக்கு போதும். ஆனால் மூக்குக்கு அரசாணை கிடையாது.

ஜெயக்கொடியின் மகள் அனுவுக்கு அந்த வருஷம் இரண்டாம் முறையாக மஞ்சள் காமாலை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "தண்ணிய மாத்தும்மா. இன்னொரு தடவை வந்தா கல்லீரல் தாங்காது" என்றார். ஏதோ புடவையை மாற்றச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். சூளையில் செங்கல் அறுக்கிற ஜெயக்கொடி தண்ணீரை எங்கே போய் மாற்றுவாள்? தார் ரோட்டோரமாகப் பெரிய குடிநீர்க் குழாய் போகிறது, கூப்பிடு தூரம். அதிலிருந்து ஒரு கிளை இழுத்தால் போதும். அதைக் கேட்டுக் கேட்டு அவள் புருஷன் கன்னியப்பனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அதனால்தான் ஜீப் வந்தவுடன் ஓடிப்போய் முதல் ஆளாக நின்றாள். முதல் ஆளாக நின்றதாலேயே, தண்ணீரைச் சோதிக்கப்போகிற நீர்க் காவலர்களுக்கு அவளைத் தலைவி ஆக்கினார்கள்.

"ரொம்ப சிம்பிள்மா" என்றார் வாரியத்தின் தரப் பொறியாளர் விமல்ராஜ். கழுத்தில் அடையாள அட்டை, அதன்மேல் இன்னொரு அடையாள அட்டை. "சோதனையில தேறாத இடத்துக்குத்தான் புது லைன். சோதிக்கப் போறதும் நீங்கதான். எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

"அப்ப தேறலைன்னா பைப்பு வந்துடுமா சார்?"

"கண்டிப்பா."

ஜெயக்கொடிக்கு அவரை அப்படியே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வந்தவருக்கு வள்ளியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் ஜெயக்கொடியின் நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். பாறைக்கொல்லையில் தண்ணீர் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் இல்லையென்று சொல்லக்கூடாது. கொடுத்த சொம்பும் நிறைந்தபடி திரும்பி வரக்கூடாது, வந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். விமல்ராஜ் சொம்பை வாங்கினார், முகர்ந்தார், திருப்பி நீட்டினார். வள்ளியம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் அதை ஜீப்பின் பானெட் மேல் வைத்தார். டிரைவர் இளையபெருமாள், வீணாவானேன் என்று அதை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றப் போனார். விமல்ராஜ் அவர் காதில் என்னவோ சொன்னார். இளையபெருமாள் ஊற்றவில்லை.

பிறகு உறுதிமொழி. நீர்க் காவலராக ஐந்து பெண்கள் உறுதிமொழி ஏற்க வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும், படத்தில் நிழல் விழக்கூடாது, ஆனால் பொறியாளர் நிழலில் நிற்க வேண்டும். அந்தப் பொட்டலில் இருந்த ஒரே நிழல் வேப்பமரத்துடையது. மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு செங்கற்கள். அவைதான் கன்னிமார். விமல்ராஜ் அவற்றைச் செங்கற்கள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் பையை வைத்தார். வள்ளியம்மாள் பையைக் காலால் தள்ளிவிட்டாள்.

பெண்களுக்குத் தலைக்கு ஒரு நீலத் தொப்பி, கழுத்துக்கு ஒரு விசில். விசில் எதற்கு என்று கேட்டதற்கு, "அது வழிகாட்டு நெறிமுறையில இருக்கு" என்றார். பிறகு விமல்ராஜ், வாரிய இயக்குநர் பார்த்திபன் தம் கைப்பட எழுதிய உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார்.

"என் கண்காணிப்பு எல்லைக்குள், சோதிக்கப்படாத நீரை எவரையும் அருந்த விடமாட்டேன். அவர் எத்தகைய பெரியவராயினும் விடமாட்டேன். இது சத்தியம்."

கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகுதான் வள்ளியம்மாளுக்கு உறைத்தது. "ஐயோ, கன்னிமாருக்கு முன்னால நின்னுக்கினு சத்தியம்னு சொல்லிட்டோமேடி" என்று முணுமுணுத்தாள்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்த ஏழு கல்லின் முன் சொன்னது சொன்னதுதான். கன்னியப்பனின் நைனா ஒருநாள் பெண்டாட்டி மேலிருந்த கோபத்தில் அங்கே நின்று, இனி பீடி தொடமாட்டேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். சாகிறவரை, அடுத்தவன் விடுகிற புகைக்கு எதிரே போய் நின்று மோந்துகொண்டே காலத்தை ஓட்டினார். பாறைக்கொல்லையில் சத்தியத்துக்குத் திருத்தம் கிடையாது. வாரியத்துக்கு இது தெரியாது. வாரியம் வருஷத்துக்கு நூறு உறுதிமொழி எடுக்கும், அடுத்த உறுதிமொழி வரும்போது முந்தையதை மறந்துவிடும்.

சோதனை சுலபம். மருந்து தடவிய சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து மூடி, ஒருநாள் வைக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் நல்ல தண்ணீர், கறுத்தால் கெட்டது. ஜெயக்கொடி குப்பியை வீட்டு மாடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் அது காக்கா நிறத்தில் இருந்தது.

"கறுத்துடுச்சுடி!" என்று அவள் கூவியதைக் கேட்டு ஐந்து பெண்களும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் கெட்டுப்போனதற்காக ஒரு ஊரே சந்தோஷப்பட்டது செஞ்சி வட்டாரத்தில் அதுதான் முதல்முறையாக இருக்கும். வள்ளியம்மாள் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தாள்.

விமல்ராஜ் குப்பியைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். மறுபடி குப்பியைப் பார்த்தார்.

"கறுப்புன்னு போட ஆப்ல இடமே இல்லியேம்மா."

"அப்ப இன்னா போடுவீங்க?"

"பச்சை இருக்கு. இளம்பச்சை இருக்கு."

"இது கறுப்பா இருக்குது சார்."

"அதான் பிரச்சனை" என்றார் அவர் வருத்தத்தோடு. "தண்ணி எடுத்த கை அசுத்தமா இருந்திருக்கும்."

அடுத்த வாரம் கை கழுவும் முகாம். வாரியத்தின் சுகாதாரப் பயிற்றுநர் ஒருவர் வந்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒரு பாட்டே பாடிக் காட்டினார். பெண்கள் மினி டேங்க் தண்ணீரில் கையைச் சுத்தமாகக் கழுவி, மினி டேங்க் தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள். குப்பி முன்னைவிடச் சீக்கிரம் கறுத்தது. அப்படியானால் குடிசைக்குள் வெக்கை அதிகம் என்றார்கள். குப்பியைத் தொங்கவிட ஒரு வலைக்கூடை வந்தது. குப்பி காற்றாட ஆடிக்கொண்டே கறுத்தது. பிறகு குப்பியிலேயே கோளாறு என்று வேறு குப்பி வந்தது. எல்லாவற்றையும் மாற்றினார்கள். தண்ணீரை மட்டும் யாரும் தொடவில்லை.

"இத்தினி தடவ கறுத்துச்சு. நாங்க இப்ப இந்தத் தண்ணிய குடிக்கலாமா, வேணாமா?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"சோதிச்சாச்சு இல்ல? சோதிக்கப்பட்ட நீர். தாராளமா குடிக்கலாம்."

"கெட்டதுன்னு வந்துச்சே சார்."

"முடிவு வேற பிரிவும்மா. நாங்க சோதனைப் பிரிவு."

அனுவின் கண்ணில் மஞ்சள் முழுதாகப் போகவில்லை. ஜெயக்கொடி முள் வெட்டிவந்து தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் விறகு நனையும். நனைந்த அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

பங்குனி முடிகிற சமயத்தில் ஒருநாள் காலை, விமல்ராஜ் ஒரு மினி லாரியோடு வந்தார். லாரி நிறையத் தண்ணீர் கேன். ஆட்கள் மினி டேங்கின் மேல் ஏறி, இருந்ததையெல்லாம் திறந்துவிட்டு, கேன் கேனாக உள்ளே கவிழ்த்தார்கள். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்த அனு, "எம்மா, தண்ணி நாறல" என்றாள்.

செய்தி பரவுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? குடம், அண்டா, குண்டான், சோற்றுச் சட்டி, ஈயச் சொம்பு எல்லாம் குழாயடிக்கு வந்தன. கன்னியப்பன் சைக்கிள் டியூபில் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். விமல்ராஜ் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"தீர்த்துடாதீங்க! தீர்த்துடாதீங்க! சாம்பிள் எடுத்துக்கறேன், அப்பறம் புடிங்க!"

எடுத்தார். மறுநாள் குப்பி கறுக்கவில்லை, தேறியது. செல்போனில் பச்சை விழுந்தது. விமல்ராஜ் அதை ஜெயக்கொடியிடம் பெருமையோடு காட்டினார். "பாறைக்கொல்லை தூய நீர்க் குடியிருப்பு ஆயிடுச்சும்மா. அடுத்த வாரம் இயக்குநரே வந்து பலகை திறக்கறாரு."

"பைப்பு சார்?"

"தேறின இடத்துக்கு எதுக்கும்மா பைப்பு? பலகை மாட்டிட்டா இந்த ஃபைல் மூடிடும்."

ஜெயக்கொடிக்குக் கோபம் வந்தது. சூளை முதலாளி கூலியில் பிடித்தபோதுகூட வராத கோபம். மினி டேங்க் அதற்குள் பழையபடி நாறத் தொடங்கியிருந்தது. பலகை மாட்டினால் இனி ஜென்மத்துக்கும் இந்த நாற்றம்தான், அதுவும் சான்றிதழோடு.

அன்று சாயங்காலம் பெண்கள் வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

"ஜீப்ப மறிச்சுடலாம்" என்றான் கன்னியப்பன்.

"மறிச்சா கேஸ் போடுவான். நம்மாளுங்க மேல கேஸ் போடறதுக்குன்னா ஆப்ல இடம் இருக்கும்" என்றாள் வள்ளியம்மாள்.

ஜெயக்கொடி ஏழு கல்லையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "நாம ஒண்ணும் புதுசா பண்ண வேணாம். சொன்ன சத்தியத்த காப்பாத்தினா போதும்" என்றாள்.

விழா நாள். சித்திரை வெயிலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரிப் பாறைகளெல்லாம் காய்ந்து, அனல் இறங்கி வந்துகொண்டிருந்தது. சாமியானா, மைக் செட், லோக்கல் டிவி கேமரா. மேடையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில், பனி பூத்தபடி. பின்னால் துணி மூடிய பலகை. பக்கத்தில், திரை இழுப்பதற்காகக் கயிறோடு காத்திருக்கும் இளையபெருமாள்.

இயக்குநர் பார்த்திபன் மைக்கைப் பிடித்தார். அவர் பிடித்தால் மைக்குக்குத்தான் வலிக்கும்.

"அன்பார்ந்த பழங்குடி மக்களே! நீர் என்பது வெறும் நீரல்ல, அது ஒரு தரவு! தண்ணீர் இல்லாத ஊரைக் கண்டு நான் கலங்கியதில்லை. தரவு இல்லாத ஊரைக் கண்டு தூங்காமல் இருந்திருக்கிறேன்! இங்கே சிலர், தண்ணீரால் நோய் வருவதாகச் சொல்லுகிறார்கள். இல்லை! நோய் வருவது நம்பிக்கைக் குறைவால்! நம்பிக் குடித்தால் எந்த நீரும் நன்னீரே!"

கைதட்டல். மேடையில்தான்.

"இந்த நீர்க் காவலர்கள் ஏற்றார்களே, அந்த உறுதிமொழியின் ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதியது. 'அவர் எத்தகைய பெரியவராயினும் விடமாட்டேன்!' நாளை நானே வந்தாலும், ஏன், எனக்கு மேலே உள்ளவர்கள் வந்தாலும், இந்தத் தாய்மார்கள் விடக்கூடாது! அதுதான் கண்காணிப்பு!"

அரைமணி நேரம் பேசினார். குரல் கம்மியது. செருமினார். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

விசில் பறந்தது.

நீலத் தொப்பியோடு ஜெயக்கொடி மேடைப் படியில் நின்றாள்.

"சார், அத குடிக்காதீங்க. அது சோதிக்காத தண்ணி."

"என்னம்மா?"

"எங்க எல்லைக்குள்ள சோதிக்காத தண்ணிய யாரையும் குடிக்க விடமாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம். நீங்க எழுதினதுதான். இப்பகூட சொன்னீங்க."

கேமரா அவர் பக்கம் திரும்பியது. பார்த்திபன் சிரித்தார். வேறென்ன செய்வார்? "சபாஷ்! பாத்தீங்களா, இதுதான் விழிப்புணர்வு! சோதிங்கம்மா, சோதிங்க!"

ஜெயக்கொடி குப்பியை எடுத்து பாட்டில் தண்ணீரைப் பிடித்து மூடினாள். மற்ற நால்வரும் மேடையில் இருந்த பாட்டில்களையெல்லாம் பொறுக்கி, மேடைக்குக் கீழிருந்த பாட்டில் பெட்டியோடு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ரிசல்ட்டு?" என்றார் பார்த்திபன், வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு.

"நாளைக்கு இந்நேரம் தெரிஞ்சுடும் சார்."

"நாளைக்கா?"

"நீங்க தாகமா இருக்க வேணாம். எங்க ஊர்ல தண்ணி இல்லைன்னு சொல்ற பழக்கம் கெடயாது. சோதிச்சு, தேறி, பச்சை வாங்கின தண்ணி ஒண்ணு இருக்குது."

வள்ளியம்மாள் பித்தளைச் சொம்பை விளக்கி வைத்திருந்தாள். மினி டேங்கில் தளதளவென்று பிடித்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். பார்த்திபன் வாங்கிவிட்டார். பழக்க தோஷம், மாலை வாங்குகிற மாதிரியே வாங்கினார். நாற்றம் அப்புறம்தான் மூக்கில் ஏறியது. திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். வள்ளியம்மாளின் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"ரொம்பி இருக்கிற சொம்ப திருப்பி வாங்க மாட்டோம் சார். வீட்டுக்கு ஆகாது. குடிச்சுட்டுக் குடுங்க."

"விமல்ராஜ்," என்றார் இயக்குநர், "நீங்கதான சோதிச்சீங்க. நீங்க முதல்ல."

"எனக்கு இன்னைக்கு விரதம் சார். தண்ணிகூடப் படக்கூடாது."

சொம்பு அடுத்த நாற்காலிக்குப் போனது. அவருக்குப் பல் கூச்சம். அதற்கடுத்தவருக்குச் சொம்பில் குடித்துப் பழக்கமில்லை. சுகாதாரப் பயிற்றுநர் கை கழுவவில்லை என்றார். இப்படியே மேடையைச் சுற்றி, கடைசியில் திரைக்கயிறோடு நின்ற இளையபெருமாளிடம் வந்தது.

"இதையா சார்?" அவருக்கு இயல்பாகவே பெரிய குரல், போதாததற்கு மைக் பக்கத்தில். "இத ரேடியேட்டர்லயே ஊத்தாதய்யா, இஞ்சின் கெட்டுடும்னு அன்னைக்கு விமல்ராஜ் சார்தான சொன்னாரு! நான் புள்ளகுட்டிக்காரன் சார்."

மைக் செட்டின் குழாய் ஒலிபெருக்கி ரோடு வரைக்கும் கட்டப்பட்டிருந்தது. சிங்கவரம் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாறைக்கொல்லையில் யாரும் சிரிக்கவில்லை. ரேடியேட்டருக்கு ஆகாததைத்தான் அவர்கள் பிள்ளைகளுக்கு ஊற்றியிருக்கிறார்கள்.

சொம்பு மறுபடி இயக்குநர் கைக்கு வந்தது. வெயில் சாமியானாவைத் துளைத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருமல் வந்தது. இருமல் நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்தது, அது ஒன்றுதான் அந்த மேடையில் இருந்த நல்ல தண்ணீர். வேப்பமரத்தடியில் பாட்டில்கள் வியர்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா... விளையாடாதீங்க..." என்றார் கரகரப்பாக. "இது மனுஷன் குடிக்கிற தண்ணியா?"

"மைக்ல சொல்லுங்க சார்" என்றாள் ஜெயக்கொடி. "எம் பொண்ணு கல்லீரலு கெட்டுக்கினு இருக்குது. நாங்க சொன்னா கை அழுக்குன்னீங்க, வெக்கைன்னீங்க, குப்பி சரியில்லைன்னீங்க. நீங்க ஒருதடவ சொல்லுங்க."

பார்த்திபன் விமல்ராஜைப் பார்த்தார். விமல்ராஜ் விரதத்தில் ஆழ்ந்திருந்தார். இயக்குநர் கேமராவைப் பார்த்தார். கடைசியில், தொண்டை என்கிற சாதாரணச் சாமான் இயக்குநர் பதவியை ஜெயித்தது.

"இது... குடிக்கத் தகுந்த தண்ணீர் இல்லை" என்றார் மைக்கில்.

"அப்ப இந்த ஊரு தேறல."

"தேறலை."

"பலகைய எடுத்துக்கினு போங்க."

அவர் தலையாட்டினார். சொம்பை என்ன செய்வது என்று தெரியாமல் வள்ளியம்மாளைப் பார்த்தார். அவள், "கீழ ஊத்திட்டுக் குடுங்க சார். நாங்க இத்தினி நாளா வயித்துல ஊத்திக்கினத நீங்க மண்ணுலயாவது ஊத்துங்க" என்றாள். ஊற்றினார். காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். ஜீப் குடியிருப்பு எல்லையைத் தாண்டும்வரை பெண்கள் கூடவே நடந்து போய், அங்கே பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் அங்கேயே நின்று ஆளுக்கு இரண்டு குடித்தார்கள்.

வாரியம் சும்மா இருக்குமா? உறுதிமொழியில் "அதிகாரிகள் நீங்கலாக" என்று இரண்டு சொல் சேர்த்து, மறுபடி சத்தியம் செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. கன்னிமார் முன்னால் ஒருதரம்தான் என்று வள்ளியம்மாள் சொல்லி அனுப்பிவிட்டாள். இயக்குநர் சொன்னது லோக்கல் டிவியில் திரும்பத் திரும்ப ஓடியதால், ஃபைல் மூட முடியாமல் திறந்தே கிடந்தது. அடுத்த மாதம் குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆள் வந்தது. நீலக் குழாய்கள் வந்து ரோட்டோரம் இறங்கின. தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. அனுவுக்கு ஜெயக்கொடி கொதிக்க வைத்தேதான் கொடுக்கிறாள்.

நேற்று விமல்ராஜ் தோண்டியதைப் பார்வையிட வந்தார். பார்த்துவிட்டு, வேகமாக ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சீட்டுக்குக் கீழே குனிந்தார். ஏதோ மூடி திருகுகிற சத்தம் கேட்டது.

குழாயடியில் நின்ற ஜெயக்கொடி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, விசிலை எடுத்து வாயில் வைத்தாள்.